எல்.ஐ.சி. கட்டடம், அண்ணா சாலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை அண்ணா சாலையில் நிற்கும் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்க்காத தமிழர் குறைவு. நேரில் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு பழைய படத்திலாவது பார்த்திருப்பார்கள். அதன் கதை மட்டும் அந்த அளவுக்குப் பரவவில்லை. பலரும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

கேள்வி: எப்போது கட்டப்பட்டது?

1953-இல் வேலை தொடங்கியது. 1959 ஆகஸ்ட் 23 அன்று திறந்தார்கள். ஆக, ஆறு ஆண்டுகள். செலவு சுமார் 87 லட்சம் ரூபாய். இன்றைக்கு அந்தத் தொகைக்கு அண்ணா சாலையில் ஒரு நல்ல ஃபிளாட் கூடக் கிடைக்காது. ஆனால் 1956-இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தை, அதாவது எல்.ஐ.சி.யை, ஆரம்பித்தபோது மத்திய அரசு கொடுத்த மூலதனமே மொத்தம் 5 கோடிதான். அதோடு வைத்துப் பார்த்தால், இந்த ஒரு கட்டடத்துக்கு ஆன செலவு அதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல்.

கேள்வி: அப்படியானால் எல்.ஐ.சி. பிறக்கும் முன்பே வேலை தொடங்கிவிட்டதா?

ஆமாம். இந்தக் கட்டடத்தின் கதையே அங்கேதான் இருக்கிறது. 1953-இல் எல்.ஐ.சி. என்று ஒரு நிறுவனமே கிடையாது. அன்றைக்கு நாட்டில் ஆயுள் காப்பீடு பெரும்பாலும் தனியார் கையில் இருந்தது. சென்னையில் 1906-இல் தொடங்கப்பட்ட யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அவற்றில் முக்கியமான ஒன்று. எஸ்பிளனேடு பகுதியில் அதற்கு ஏற்கெனவே 1930களில் எழுந்த அழகான ஒரு கட்டடம் இருந்தது. அதன் தலைவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாருக்கு அது போதவில்லை. மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை), சென்னை அதுவரை பார்த்திராத உயரத்தில், நிறுவனத்துக்கு ஒரு தலைமையகம் வேண்டும் என்று நினைத்தார். இன்று நாம் எல்.ஐ.சி. கட்டடம் என்று சொல்வது அவர் எழுப்ப நினைத்த யுனைடெட் இந்தியா கட்டடம்தான்.

கேள்வி: சேப்பாக்கம் ஸ்டேடியத்துக்குப் பெயர் கொடுத்த சிதம்பரமா இவர்?

இல்லை. இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. ஸ்டேடியத்துக்குப் பெயர் கொடுத்தவர் எம்.ஏ. சிதம்பரம். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் மகன். நாம் பேசுகிறவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். சர் எம்.சிடி. முத்தையா செட்டியாரின் மகன். புரசைவாக்கம் பக்கம் முத்தையா செட்டியார் பள்ளி என்றால் இன்றும் வழி சொல்வார்கள். அந்தப் பெயர் இவருடைய தந்தையுடையது. இருவருமே நகரத்தார் குடும்பத்தினர், இருவருக்கும் ஒரே பெயர், இருவருமே தொழிலதிபர்கள். மாறிப் போவது இயல்புதான்.

இவருடைய இன்னொரு பெரிய முயற்சி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் பல தலைமுறையாகச் செய்துவந்த கொடுக்கல் வாங்கலை நவீன வங்கியாக மாற்றிக்காட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பெட்டகமும் பேரேடுமாக இருந்த தொழிலை மாடிக் கட்டடத்துக்கும் வங்கிக் கவுன்டருக்கும் கொண்டுவந்த தலைமுறை அது. மவுண்ட் ரோட்டில் உயரமாக ஒரு கட்டடம் என்ற ஆசையையும் அந்தப் பின்னணியில் வைத்துத்தான் நான் பார்க்கிறேன்.

கேள்வி: அவர் கட்டடம் முடிந்ததைப் பார்த்தாரா?

பார்க்கவில்லை. 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூரின் காலாங் விமான நிலையத்தில் பிரிட்டிஷ் விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் கான்ஸ்டலேஷன் விமானம் ஒன்று தரையிறங்கும்போது ஓடுபாதைக்கு முன்னால் இருந்த கரைச்சுவரில் மோதித் தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த நாற்பது பேரில் முப்பத்து மூன்று பேர் இறந்தார்கள். பயணிகளில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் ஒருவர் சிதம்பரம் செட்டியார். வயது நாற்பத்தைந்து. சென்னையில் கட்டட வேலை அப்போதுதான் சூடுபிடித்துக்கொண்டிருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய காப்பீட்டு நிறுவனமும் குடும்பத்தின் கையை விட்டுப் போனது. 1969-இல் வங்கியும் அரசுடைமையானது. அந்த வங்கியின் தலைமை அலுவலகமும் அண்ணா சாலையிலேயே, எல்.ஐ.சி. கட்டடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரே மனிதர் தொடங்கிய கட்டடமும் வங்கியும், இரண்டும் இன்று பொதுத்துறையில், இரண்டும் ஒரே சாலையில். அந்த வழியாகப் போகும் ஆயிரக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: எல்.ஐ.சி.யின் கைக்கு எப்படி வந்தது?

1956 ஜனவரி 19 அன்று மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து ஆயுள் காப்பீட்டுத் தொழிலைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. அப்போது நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்தது. 154 இந்திய நிறுவனங்கள், 16 அயல்நாட்டு நிறுவனங்கள், 75 பிராவிடன்ட் சங்கங்கள் என மொத்தம் 245 அமைப்புகள் அதில் ஒன்றாகக் கரைந்தன. யுனைடெட் இந்தியாவும் அவற்றில் ஒன்று. அதன் பாலிசிகள், ஊழியர்கள், சொத்துகள் எல்லாமே கழகத்துக்குப் போயின. பாதி எழும்பிய நிலையில் மவுண்ட் ரோட்டில் நின்ற கட்டடமும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

ஏன் அரசுடைமையாக்கினார்கள் என்று கேட்டால், ஒரு காரணம் அந்தச் சாலையிலேயே இருக்கிறது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முனையில் சிவப்பு நிறத்தில், கூம்பும் குவிமாடமுமாகப் பாழடைந்து நிற்கும் பழைய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அது பாரத் இன்சூரன்ஸ் கட்டடம். அந்த பாரத் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா. பாலிசிதாரர்கள் கட்டிய பணத்தை எடுத்துத் தன் சொந்த வியாபாரத்துக்குப் பயன்படுத்தினார் என்று அவர்மேல் வழக்கு வந்தது. கோடிக்கணக்கில் பணம். 1955 டிசம்பரில் காங்கிரஸ் எம்.பி. பெரோஸ் காந்தி இதை நாடாளுமன்றத்தில் புட்டுப் புட்டு வைத்தார். டால்மியா பின்னர் சிறைக்கும் போனார். இருபது வருஷம், முப்பது வருஷம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்துக் கட்டும் பிரீமியம் இப்படிப் போகிறதே என்ற கோபம் நாடு முழுக்க இருந்தது. அடுத்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. டால்மியா விவகாரம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஐந்தாண்டுத் திட்டங்களுக்குப் பணம் தேவைப்பட்டதும் ஒரு பெரிய காரணம்.

யுனைடெட் இந்தியா மேல் அப்படி ஒரு குற்றச்சாட்டு இருந்ததாக எங்கும் நான் படித்ததில்லை. நன்றாக நடந்த நிறுவனங்களும் மோசமாக நடந்தவையும் ஒரே நாளில் ஒரே சட்டத்தில் போயின.

கேள்வி: வடிவமைத்தவர் யார்? கட்டியவர் யார்?

முதலில் வரைந்தவர்கள் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மோலின் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1957-இல், அவர்கள் விலகிவிட்டார்கள். மிச்சத்தை ஏற்று முடித்தவர் சென்னையில் தொழில் நடத்திவந்த எல்.எம். சித்தாலே. 1932-லிருந்து இங்கே அலுவலகம் வைத்திருந்தவர். ஜார்ஜ் டவுனில் இன்னொரு காப்பீட்டு நிறுவனமான ஓரியன்டலுக்குக் கட்டடம் வரைந்தவரும் அவர்தான். கட்டுமான ஒப்பந்தம் முருகப்பா குழுமத்தின் கோரமண்டல் இன்ஜினியரிங் நிறுவனத்துக்கு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திட்டம் போட்டவர் இறந்துவிட்டார். பணம் போட்ட நிறுவனம் மறைந்துவிட்டது. வரைபடம் போட்டவர்கள் விலகிவிட்டார்கள். சாதாரணமாக இப்படிப்பட்ட வேலைகள் கம்பி நீட்டிக்கொண்டு, பாசி பிடித்து, அரைகுறையாக நின்றுபோகும். நம் ஊர்களில் அப்படி நின்றுபோன கட்டடங்களுக்குப் பஞ்சமா என்ன? இது நிற்கவில்லை. தொடர்ந்து வேலையில் இருந்தது கட்டுமான நிறுவனமும் கொத்தனார்களும் கம்பி கட்டியவர்களும்தான். இந்தக் கட்டடத்தின் புகழில் அவர்களுக்குச் சேர வேண்டிய பங்கு இன்னும் முழுதாகச் சேரவில்லை என்பது என் எண்ணம்.

கேள்வி: பன்னிரண்டு மாடி என்பது அவ்வளவு பெரிய விஷயமா?

இன்றைக்கு ஓ.எம்.ஆர். பக்கம் போனால் இதைவிட இரண்டு மடங்கு உயரத்தில் அடுக்ககங்கள் நிற்கின்றன. அதனால் இந்தக் கேள்வி நியாயமானது. பதில் சொல்ல, அதற்கு முன் சென்னையில் எப்படிக் கட்டினார்கள் என்று பார்க்க வேண்டும்.

பழைய சென்னைக் கட்டடங்கள் சுவரின் பலத்தில் நிற்பவை. செங்கல், சுண்ணாம்பு, மணல். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, செக்கில் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குழைத்தார்கள். மேல்தளத்துக்கு மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி, சுண்ணாம்பு ஜல்லியைக் கொட்டிப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அருமையான முறை. நூறு வருஷம் ஆனாலும் அறைக்குள் குளுமை மாறாது. ஆனால் உயரம் போக முடியாது. ஒவ்வொரு மாடியின் பாரமும் கீழ்ச்சுவரில்தான் இறங்கும். மாடி ஏற ஏற அடிச்சுவர் தடித்துக்கொண்டே போக வேண்டும். சிகாகோவில் 1891-இல் மொனாட்நாக் என்ற பதினாறு மாடிக் கட்டடத்தைச் சுவரின் பலத்திலேயே எழுப்பினார்கள். தரைமட்டத்தில் அதன் சுவர் ஆறடி தடிமன். ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அகலம். கீழ்த்தளத்தில் வாடகைக்கு விட வேண்டிய இடத்தைச் சுவரே தின்றுவிடும்.

எல்.ஐ.சி. கட்டடம் காங்கிரீட் சட்டகத்தில் நிற்கிறது. தூண்களும் உத்தரங்களும் பாரத்தைத் தாங்கி நேரே அஸ்திவாரத்துக்குக் கொண்டுபோய்விடும். சுவருக்கு வெயிலையும் மழையையும் தடுப்பது மட்டுமே வேலை. அதனால் பத்தாவது மாடிச் சுவரும் முதல் மாடிச் சுவரும் ஒரே தடிமனில் இருக்கலாம், ஜன்னல் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம். காங்கிரீட் சென்னைக்குப் புதிதல்ல. ஆனால் இந்த உயரத்துக்கு இங்கே யாரும் அதைக் கொண்டுபோனதில்லை. கம்பி கட்டுவது, சென்ட்ரிங் அடிப்பது, கலவையைச் சரியான பதத்தில் கலக்குவது, கொட்டிய காங்கிரீட்டைச் சென்னை வெயிலில் காய்ந்துவிடாமல் நாள் தவறாமல் தண்ணீர் விட்டு ஆற்றுவது, இது எல்லாவற்றையும் தரைக்கு நூறு, நூற்றைம்பது அடி மேலே செய்தாக வேண்டும். சுண்ணாம்பில் கைபழகிய ஊர் இதில் சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் கைமாறியது. இங்கே பழகிய கைகள் அடுத்தடுத்த கட்டடங்களுக்குப் போயிருக்கும். உயரத்தைவிட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: சரி, உண்மையில் எத்தனை மாடி? ஒருவர் 12 என்கிறார், ஒருவர் 14, இன்னொருவர் 15.

மூன்றையும் அச்சில் பார்க்கலாம். திறந்தபோது 12 மாடி என்றும், இன்று 15 தளங்கள் என்றும் எழுதுகிறார்கள். சென்னைவாசிகள் வாயில் காலங்காலமாக இருப்பது ‘பதினாலு மாடிக் கட்டடம்’. நம் ஊர் வழக்கப்படி தரைத்தளத்தை மாடிக் கணக்கில் சேர்ப்பதில்லை. எந்தக் கட்டடத்திலும் உச்சியில் லிஃப்ட் இயந்திர அறை, தண்ணீர்த் தொட்டி என்று இருக்கும். அவற்றைச் சேர்த்தால் ஓர் எண், விட்டால் இன்னோர் எண். உயரம் 177 அடி, அதாவது சுமார் 54 மீட்டர்.

ஒப்பிட ஒன்று சொல்கிறேன். உயர் நீதிமன்றக் கட்டடத்தின் பெரிய கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை நகரத்தின் கலங்கரை விளக்கம் எரிந்தது. அதன் உயரம் சுமார் 175 அடி. கப்பல்களுக்கு வழி காட்ட அமைத்த உயரத்தை ஓர் ஆபீஸ் கட்டடம் எட்டிவிட்டது.

கேள்வி: இந்தியாவின் முதல் வானளாவி இதுதானா?

அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். நான் ‘முதல்’ என்று அழுத்திச் சொல்ல மாட்டேன். கொல்கத்தாவில் ஹபீப் ரஹ்மான் வடிவமைத்த புதிய தலைமைச் செயலகம், பதினான்கு மாடி, இரும்புச் சட்டகம், 1954-லேயே முடிந்துவிட்டது. அதையும் இந்தியாவின் முதல் வானளாவி என்று சொல்கிறவர்கள் உண்டு. 1959-இல் திறந்தபோது நாட்டின் மிக உயரமான கட்டடம் எல்.ஐ.சி. என்ற பெயர் இதற்குக் கிடைத்தது. அதுவும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1961-இல் மும்பையில் உஷா கிரண் என்ற குடியிருப்பு இருபத்தைந்து மாடியில் எழுந்து அதைத் தாண்டிவிட்டது.

சென்னையில் மட்டும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் இதுதான் உயரம். ‘முதல்’ பட்டத்தைவிட இந்த முப்பத்தைந்து ஆண்டுகள்தான் எனக்கு வியப்பு.

கேள்வி: ஏன் சென்னையில் அத்தனை காலம் வேறு யாரும் இதைத் தாண்டவில்லை?

மும்பை ஒரு தீவு. இடம் இல்லை, மேலே போயே ஆக வேண்டும். சென்னைக்கு மேற்கிலும் தெற்கிலும் பரவ இடம் இருந்தது. அண்ணா நகர், அசோக் நகர், கே.கே. நகர் என்று ஊர் பக்கவாட்டில் வளர்ந்தது. மனைப்பரப்பைப்போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விதியும் இங்கே கறாராக இருந்தது. சாதாரணக் கட்டடங்களுக்கு நெடுங்காலம் ஒன்றரை மடங்குதான். 2019-இல் வந்த புதிய விதிகளில்தான் அது இரண்டு மடங்கானது.

கேள்வி: காப்பீட்டு நிறுவனங்கள் ஏன் இப்படிப் பெரிய கட்டடங்களாகக் கட்டின?

சென்னையின் பழைய பெரிய கட்டடங்களைக் கணக்கெடுத்துப் பாருங்கள்: ஓரியன்டல், யுனைடெட் இந்தியா, பாம்பே மியூச்சுவல், பாரத். வரிசையாகக் காப்பீட்டு நிறுவனங்கள். காரணம் அந்தத் தொழிலின் தன்மை. துணிக்கடையில் காசு கொடுத்தால் துணி கைக்கு வந்துவிடும். ஆயுள் காப்பீட்டில் இன்றைக்குப் பணம் கட்டுகிறோம். அதற்குக் கைமேல் கிடைப்பது ஒரு காகிதம். நாம் போன பிறகு, குடும்பம் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்கும்போது கம்பெனி அங்கே இருக்க வேண்டும். இருக்கும் என்று வாடிக்கையாளரை நம்பவைக்க வேண்டும். அதற்குக் கல்லும் காங்கிரீட்டும் பேசின. ‘நாங்கள் எங்கேயும் ஓடிவிட மாட்டோம்’ என்று சொல்ல ஒரு பெரிய கட்டடத்தைவிட வேறு நல்ல வழி அன்று இல்லை. தவிர, பிரீமியமாகச் சேரும் பணத்தை நீண்ட காலத்துக்கு எங்காவது போட்டுவைக்கத்தான் வேண்டும். நகரத்தின் நடுவே நிலமும் கட்டடமும் வாடகை தரும், மதிப்பும் ஏறும்.

கேள்வி: 1975-இல் தீப்பிடித்தது என்கிறார்களே?

ஆமாம், 1975 ஜூலையில். பெரிய தீ. உள்ளே நிறைய எரிந்துபோனது. சென்னையில் அந்தத் தலைமுறை ஆட்கள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசுவார்கள்.

உயரமான கட்டடத்தில் தீயை அணைப்பது ஏன் கடினம் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். தண்ணீரை ஒவ்வொரு பத்து மீட்டர் மேலே ஏற்றவும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் வேண்டும். 54 மீட்டர் என்றால் உச்சிக்குத் தண்ணீர் போய்ச் சேரவே ஐந்தரை கிலோ. அங்கே பீய்ச்சி அடிப்பதற்கான அழுத்தம் தனி. ஹோஸில் போகும்போது உராய்வில் இழப்பது இன்னொரு பங்கு. மாடிப்படிக் கூடும் லிஃப்ட் குழியும் புகைபோக்கியாக மாறி, கீழே பிடித்த தீயின் புகையையும் வெப்பத்தையும் மேலே இழுக்கும். காப்பீட்டு அலுவலகம் வேறு. எங்கே பார்த்தாலும் கோப்பு, பேரேடு, மர அலமாரி. அதனால்தான் உயரமான கட்டடங்களில் ஒவ்வொரு தளத்துக்கும் தண்ணீர்க் குழாய், கதவு போட்டு அடைத்த படிக்கட்டு, மாடியிலேயே தீயணைப்புக்கென்று தனித் தொட்டி எல்லாம் கட்டாயம் என்கிறார்கள். அந்தக் கதவை முட்டுக்கொடுத்துத் திறந்துவைப்பதும், படிக்கட்டில் பழைய நாற்காலிகளை அடுக்குவதும் நம் அலுவலகங்களில் சர்வசாதாரணம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சட்டகம் அந்தத் தீயைத் தாங்கி நின்றது. பழுது பார்த்து மறுபடியும் அலுவலகம் நடந்தது.

கேள்வி: சமீபத்திலும் ஒரு தீ என்று செய்தி வந்ததே?

2023 ஏப்ரலில். உச்சியில் இருந்த பெயர்ப்பலகையில் பிடித்த தீ. தீயணைப்புத் துறையினர் வந்து அணைத்துவிட்டார்கள். 1975-ஐயும் இதையும் ஒன்றாகப் பேசக்கூடாது.

கேள்வி: சினிமாவில் ஏன் எப்போதும் இதைக் காட்டினார்கள்?

கிராமத்திலிருந்து ஒருவன் பட்டணம் வந்துவிட்டான் என்று காட்ட இரண்டு ஷாட் போதும்: சென்ட்ரல் ஸ்டேஷன், எல்.ஐ.சி. ஊரில் வேறு எங்கும் இல்லாத உயரம், அகலமான சாலை, கீழே பஸ்ஸும் காரும். மஞ்சள் பையோடு அவன் அண்ணாந்து பார்ப்பான், கேமரா கீழிருந்து மேலே ஏறும். வசனமே வேண்டாம்.

படம் பார்த்தவர்கள் நேரிலும் வந்தார்கள். அன்றைக்குப் பட்டணம் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. உயிர் காலேஜ் என்று அழைத்த மிருகக்காட்சி சாலை, செத்த காலேஜ் என்று அழைத்த எழும்பூர் அருங்காட்சியகம், மூர் மார்க்கெட், மெரினா. அதோடு எல்.ஐ.சி.யும் சேர்ந்துகொண்டது. எதிர்ப்பக்கம் நின்று கீழிருந்து ஒன்று, இரண்டு என்று விரல்விட்டு எண்ணிவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. மிருகக்காட்சி சாலை அதே ஆண்டு வண்டலூருக்குப் போய்விட்டது. எல்.ஐ.சி. இருந்த இடத்திலேயே இருக்கிறது, செய்த வேலையையே செய்துகொண்டு.

கேள்வி: உயர் கோபுரம் என்பதைத் தாண்டி, பார்க்க அழகான கட்டடமா இது?

ரசனை ஆளுக்கு ஆள் மாறும். குவிமாடம், வளைவு, சிவப்புச் செங்கல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இது 1950களின் பாணி. நியூயார்க்கில் ஐ.நா. தலைமைச் செயலகம் எழுந்த காலம் அது. பலகையை நிமிர்த்தி வைத்த மாதிரி நேரான உருவம், பூவேலை எதுவும் கிடையாது. வெள்ளைக்காரர் போன பத்தாண்டுக்குள், அரண்மனையையும் கோட்டையையும் நினைவூட்டாத ஒரு வடிவத்தில் நிமிர்ந்து நிற்க இந்த ஊர் விரும்பியது என்பதே எனக்கு இதில் பிடித்தது. சென்னையில் பாரம்பரியக் கட்டடம் என்றாலே பிரிட்டிஷ் காலத்துச் செங்கல் மாளிகைகளைத்தான் நினைக்கிறோம். சுதந்திர இந்தியாவின் காங்கிரீட்டுக்கும் அறுபது, எழுபது வயதாகிவிட்டது. அதையும் காப்பாற்ற வேண்டிய பட்டியலில் வைத்துப் பார்க்கும் காலம் வந்துவிட்டது.

கேள்வி: பக்கத்தில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் எல்.ஐ.சி.யுடையதுதானா?

ஆமாம். 1897-இல் மருந்து வியாபாரி டபிள்யூ.இ. ஸ்மித் கட்டிய கார்டைல் பில்டிங் அது. 1930களில் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. அரசுடைமையானபோது எல்.ஐ.சி.க்கு வந்தது. 2006-இல் அதை இடிக்க ஆரம்பித்தார்கள். பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் நீதிமன்றம் போனது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது பாரம்பரியக் கட்டடம், இடிக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. இடிப்பது நின்றது. சீரமைப்பு மட்டும் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. தன்னுடைய உயர்ந்த கட்டடத்தை அறுபது வருஷத்துக்கும் மேலாகப் பராமரித்துவரும் நிறுவனம், அதே சாலையில் இருக்கும் தன்னுடைய மற்றொரு கட்டடத்துக்கும் அந்த அக்கறையைக் காட்டியிருக்க வேண்டும். இதை மரியாதையோடும் ஆதங்கத்தோடும்தான் சொல்கிறேன்.

கேள்வி: மேலே ஏறிப் பார்க்க முடியுமா?

முடியாது. இது எல்.ஐ.சி.யின் தென் மண்டலத் தலைமையகம். தினமும் வேலை நடக்கும் அலுவலகம், சுற்றுலாத் தலம் இல்லை. பாலிசி வேலையாகப் போகிறவர்கள் போகலாம்.

கேள்வி: எப்படிப் போவது?

மெட்ரோவில் போனால் நிலையத்தின் பெயரே எல்.ஐ.சி. நீல வழித்தடத்தில் அரசினர் தோட்டத்துக்கும் ஆயிரம் விளக்குக்கும் நடுவே இருக்கிறது. 2019 பிப்ரவரி 10 முதல் ஓடுகிறது. பஸ்ஸில் போனாலும் நடத்துநரிடம் ‘எல்.ஐ.சி. ஒன்று’ என்றால் போதும்.

முழு உருவமும் கண்ணில் பட வேண்டுமானால் சாலையின் எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை போனால் நெரிசல் இருக்காது. அப்படியே ஹிக்கின்பாதம்ஸ், பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கோபுரம் என்று நடந்தே பார்த்துவிடலாம். முதலில் பாரத்தையும் பிறகு எல்.ஐ.சி.யையும் பாருங்கள். சுண்ணாம்பில் கட்டியதற்கும் காங்கிரீட்டில் கட்டியதற்கும் உள்ள வித்தியாசம் அந்த வரிசையில் பார்த்தால் நன்றாகத் தெரியும்.